வரி பாக்கிக்காகச் செத்துப்போனவர்

போன வாரம் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. எடுத்தால் சூசை. கடியப்பட்டணத்துக்காரர், கல்லூரியில் என்னோடு படித்தவர்.

“மக்கா, நான் செத்துப் போயிட்டேன், கேட்டியா?”

வாய் நிறைய நுரையோடு இதற்கு என்ன பதில் சொல்வது? சிரித்துவிட்டேன்.

“ஒனக்குச் சிரிப்பா இருக்கு. இங்க பிலோமி வீட்ட ரெண்டாக்கிட்டு இருக்கா. ஒடனே வா.”

போனேன். சூசையின் மனைவி பிலோமி வாசலிலேயே ஒரு பேப்பரை நீட்டினார். வரி ஆபீசிலிருந்து அவர் பெயருக்கு வந்த ரிஜிஸ்டர் தபால். காலஞ்சென்ற உங்கள் கணவர் கட்டாமல் விட்ட விற்பனை வரியை வாரிசான நீங்கள் கட்ட வேண்டும், தவறினால் வீடு ஜப்தி...

“வீடு போறது இருக்கட்டு அண்ணா. மனுசன் உள்ள இருந்து கஞ்சி குடிக்காரு. என்னைய அறுதலின்னு எழுதிருக்கானுவளே!”

கஞ்சி குடித்த மனுஷன் தலை நிமிரவில்லை.

சூசை நல்ல வியாபாரி. போட் இன்ஜின் ஸ்பேர் பார்ட்ஸ், வலை, கயிறு என்று கரையோரத்தில் கடை வைத்திருந்தார். பெரும்பாலும் கடன் வியாபாரம்தான். மீன் பட்டால் காசு வரும். சுனாமி வந்தது. கடையும் போனது, கடன் வாங்கியவர்களின் போட்டும் போனது. போட்டைப் பறிகொடுத்து நிற்கிறவனிடம் போய் பிஸ்டனுக்குக் காசு கேட்க முடியுமா? சூசை கேட்கவில்லை.

ஆனால் வரி? சரக்கை விற்றாகிவிட்டது என்றால் வரி உண்டு. காசு வந்ததா, கடலோடு போனதா என்பதெல்லாம் சட்டத்துக்குத் தெரியாது.

முதல் நோட்டீசைப் பிரித்துப் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது. அடுத்ததைக் கையெழுத்துப் போட்டு வாங்கவே இல்லை! கவரைப் பிரிக்காவிட்டால் கடன் இல்லை என்று ஒரு நம்பிக்கை... சிரிக்காதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்டை எடுக்காமலே நாள் கடத்துகிறவர்கள்தானே நாமெல்லாம்?

இதில் அவருக்குத் தெருவே துணை. தபால்காரர் வளைவில் திரும்பும்போதே சேதி வந்துவிடும். “சூசையண்ணன் கொச்சிக்குப் போயிருக்காரு” என்பார் ஒருவர். அடுத்த முறை “கல்ஃபுக்குப் போயிட்டாரே” என்பார் இன்னொருவர். எல்லோருமே அவரிடம் கடன் சொல்லிச் சாமான் வாங்கியவர்கள். காசாகக் கொடுக்க முடியாத நன்றியைப் பொய்யாகக் கொடுத்தார்கள், பாவம்.

தபால்கள் திரும்பிப் போயின. ஆள் வரவில்லை, கணக்கும் வரவில்லை என்றதும் இவ்வளவு விற்றிருப்பார் என்று ஆபீஸ்காரர்களே ஒரு மதிப்பு போட்டார்கள். அதன் மேல் அபராதம், அதற்கும் மேல் வட்டி. தெரு காட்டிய ஒவ்வொரு அன்புக்கும் பாக்கி ஏறிக்கொண்டே போனது.

கடைசியில் ஆபீஸ் ஆளே நேரில் வந்துவிட்டார். எதிர்ப்பட்டவன் அடுத்த வீட்டு ததேயு. கொச்சி, கல்ஃப் எல்லாம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. பையனுக்குப் பதற்றம்.

“அண்ணன் மரிச்சுப் போனாரு சார்” என்று கண்ணைத் துடைத்திருக்கிறான்!

இப்போது சூசையின் நிலைமையைப் பாருங்கள். செத்தவராகவே இருந்தால் பாக்கி மனைவி தலையில். உயிரோடு இருக்கிறேன் என்றால் அவர் தலையில். எப்படியானாலும் ஆபத்து வீட்டுக்குத்தான்.

“எந்திரியும். போலாம்” என்றார் பிலோமி. ததேயுவையும் சட்டை மாட்ட வைத்து இழுத்து வந்தார்.

வரி ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். அதிகாரி ஒரு பெண்மணி. சூசை கைகட்டி நின்றார்.

“மேடம்... மரிச்சுப் போன சூசை நான்தான்.”

அந்த அம்மா பைலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “உக்காருங்க” என்றார். “ஒரே ஒரு தடவை வந்திருந்தீங்கன்னா இவ்வளவு ஏறியிருக்காதுங்க. இதுல பாதிக்கு மேல நாங்களா போட்ட மதிப்பு. உண்மையில என்ன வித்தீங்கன்னு காட்டி மனு கொடுங்க, குறைக்க வழி இருக்கான்னு பாக்குறேன். மிச்சத்தைத் தவணையில கட்டலாம். அதுவரைக்கும் வீட்டுப் பக்கம் யாரும் வர மாட்டாங்க.”

“பில்லு எல்லாம் கடலு கொண்டு போச்சே மேடம்.”

“வாங்கினவங்க யாராவது எழுதித் தருவாங்களா?”

வாங்கினதை எழுதித் தந்தால், கொடுக்காத காசையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். ததேயு தரையைப் பார்த்தான். சூசை அவசரமாக, “வேண்டாம் மேடம், அவன் வலையெல்லாம் போயி...” என்று ஆரம்பித்தார்.

“எழுதிக்கிடுங்க மேடம்” என்றான் ததேயு. “இன்ஜின் சாமான், வலை, கயிறு. எல்லாம் வாங்குனேன். பைசா குடுக்கல்ல. அண்ணன் கேக்கவும் இல்ல. தெருவுல மத்தவனுவளையும் நான் கூட்டிட்டு வாறேன்.”

சூசை அழுதுவிட்டார். மூன்று வருஷம் ஒளிந்து கிடந்தவருக்கு மட்டுமில்லை, ஒளித்து வைத்தவனுக்கும் அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

“அழுவதெல்லாம் பொறவு” என்று பிலோமி நோட்டீசை மேஜையில் வைத்தார். “மொதல்ல அந்தக் காலஞ்சென்றத வெட்டுங்க மேடம்.”

வெட்டினார், சிவப்பு மையில்.

பழைய பாக்கி வைத்திருப்பவர்களே, ஒருமுறை நேரில் போய்த்தான் பாருங்களேன். எதிரே உட்கார்ந்திருப்பவரும் நம்மைப் போல ஒருவர்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் எங்கள் எல்லோருக்கும் ததேயுவே டிக்கெட் எடுத்தான். பிலோமி முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

“எலே, இத அந்தக் கடன்ல கழிச்சிராத, கேட்டியா!”