கரைபொருள்

பால்ராஜுக்குப் பள்ளிக்கூடத்தோடு எந்த ஒட்டும் உறவும் இருந்ததில்லை. பழவேற்காடு ஏரியில் முழங்காலிட்டு, சேற்றில் கைவிட்டுத் துழாவி இறால் பிடிக்கிறவர் அவர். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வதால், அந்த வேலையில் பேச்சுக்கு இடமில்லை. வாய்க்குள் புகுகிற உப்புத் தண்ணீரைத் துப்புவதற்கே நேரம் சரியாக இருக்கும். பால்ராஜ் கரையேறி வீட்டுக்கு வந்த பிறகும் துப்பிக்கொண்டிருப்பார். "ஏரிய வூட்டுக்குள்ள கொண்டாந்துட்டியா?" என்று மனைவி ஜமுனா கேட்பாள்.

அந்த ஜமுனாதான் போன ஐப்பசியில் ஏரியோடு போய்விட்டாள். பெருமழைக்கு முகத்துவாரம் உடைத்துக்கொண்டு, ஏரித் தண்ணீர் கடலைப் பார்த்துப் பாய்ந்த நாள் அது. அவளும் இறால் துழாவிக்கொண்டிருந்தாள்; பக்கத்தில்தான் பால்ராஜ் இருந்தார். நிமிர்ந்து பார்த்தால் அவள் இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் ஓடியது. தேடப் போன படகுகள் கொஞ்ச நாளில் அவரவர் வேலைக்குத் திரும்பின. யாரைக் குறை சொல்வது? கடல் பெரியது, வயிறு அதைவிடப் பெரியது.

பால்ராஜ் மட்டும் தேடுவதை விடவில்லை. விடிந்ததும் கடற்கரையோரமாகத் தெற்கே நடப்பார். காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கல்சுவர் தெரிகிற வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, அதன் பிறகே ஏரியில் இறங்குவார். ஜமுனாவின் அண்ணன் பூவரசன் பலமுறை கருமாதிப் பேச்சை எடுத்தார். "உடம்பு வரட்டும் மச்சான். வராம இன்னான்னு செய்றது?" என்பதுதான் பால்ராஜின் ஒரே பதில்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. மகள் செவ்வந்தி ஏழாம் வகுப்புக்குப் போனாள். முதல் நாளே முகம் கொள்ளாத சேதியோடு வந்தாள்.

"நைனா, இந்த வருஷம் சயின்ஸ்ல இன்னா இன்னா வரும்னு டீச்சர் சொல்லிட்டாங்க. அளக்குறது வரும், ஓடுறது நகர்றது வரும், காந்தம் வரும், சூடு வரும், தண்ணி வரும்…"

பால்ராஜ் பறியைக் கீழே வைத்தார். "தண்ணி இஸ்துகினு போனத எங்க கொண்டாந்து போடும்னு அதுல சொல்லுவாங்களா?"

செவ்வந்தி கொஞ்சம் யோசித்தாள். "சயின்ஸ்ல எல்லாம் கீது நைனா. கண்டிப்பா சொல்லுவாங்க."

பாவம், ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகம்! தன் தலையில் இப்படி ஒரு பாரம் வந்து விழும் என்று அது கனவிலாவது நினைத்திருக்குமா?

அந்த வருடப் பாடமெல்லாம் அப்படித்தான் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தது. அளவீடு வந்தபோது செவ்வந்தி வீட்டை முழம் போட்டு அளந்து, வீடு இவ்வளவு சின்னதா என்று வருத்தப்பட்டாள். இயக்கம் என்ற பாடத்தில் நீரோட்டம் வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள்; அதில் பஸ்ஸும் ரயிலும்தான் ஓடின. காந்தத்தைக் கடற்கரை மணலில் புரட்டி, ஒட்டிக்கொண்ட கறுப்பு மணலை அப்பனிடம் காட்டினாள். "தண்ணி எப்ப வரும்?" என்றார் பால்ராஜ். "வரும் நைனா," என்றாள். மறுபடியும் ஐப்பசியே வந்துவிட்டது.

ஒரு மாலை ஓட்டமாக வந்தாள். "நாளைக்கு அந்தப் பாடம்தான் நைனா! கரைபொருள்னு பேரு. பெத்தவங்களும் வந்து பாக்கலாமாம்."

கரை பொருள். பால்ராஜ் அந்தப் பேரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மறுநாள் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போய், பின் பெஞ்சில் மற்ற பெற்றோர்களோடு ஒடுங்கி உட்கார்ந்தார்.

ஜஸீலா டீச்சர் பழவேற்காடு ஊருக்குள்ளிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர். அந்த வருடம்தான் இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்திருந்தார். மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரும் பக்கத்தில் உப்பும் வைத்திருந்தார். "பாடத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி, கரைபொருள்னா என்னன்னு யாராவது சொல்லுங்க பாப்போம்."

செவ்வந்தி எழுந்தாள். "கரையில வந்து ஒதுங்குற பொருள் டீச்சர். கட்டை, ரப்பர் செருப்பு, அறுந்த வலை…" சற்று நிறுத்தினாள். "எங்க அம்மா இன்னும் வரல."

யாரும் சிரிக்கவில்லை. பின் பெஞ்சில் இரண்டு மூன்று பேர் தலையைக்கூட ஆட்டினார்கள். கரையில் பிறந்து கரையில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

உப்பை எடுத்த ஜஸீலாவின் கை அப்படியே நின்றது. பிறகு மெல்லச் சொன்னார்: "ஒதுங்குறது இல்லம்மா. கரைஞ்சு போறது."

உப்பைப் போட்டுக் கலக்கினார். டம்ளர் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறிப் பால்ராஜிடம் வந்தது. அவர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமே இல்லை, வெறும் தண்ணீர். ஒரு வாய் குடித்தார். கரித்தது.

"கண்ணுக்குத் தெரியாது. ஆனா மேல, கீழ, எல்லாப் பக்கமும் அதுதான் இருக்கு," என்றார் ஜஸீலா. "இந்த இடத்துலன்னு தேட முடியாது."

"திரும்பி வராதா டீச்சர்?" என்றார் பால்ராஜ்.

புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் பதில் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்வது ஜஸீலாவுக்கு எளிதாக இல்லை. ஆனாலும் பொய் சொல்ல முடியாதே. "காய்ச்சினா உப்பு வரும் அண்ணா."

"உப்பு மட்டுமா?"

"ஆமா அண்ணா. உப்பு மட்டும்தான்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் செவ்வந்தி அப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "தப்பா சொல்லிட்டேன் நைனா," என்றாள்.

"தப்பு இல்லம்மா. நானும் அப்டித்தான் நெனச்சினு இருந்தேன்."

அப்போதுதான் அவள் அழுதாள். தாய் போன நாளில்கூட அப்படி அழவில்லை. அன்றைக்கு அம்மா வருவாள் என்ற நினைப்பு இருந்தது; இப்போது அதுவும் இல்லை. பால்ராஜ் வழியிலேயே உட்கார்ந்து அவளை மடியில் கிடத்திக்கொண்டார். அவருக்கும் தாங்கவில்லை.

மறுநாள் அவர் கடற்கரைக்குப் போகவில்லை. பூவரசன் வீட்டு வாசலில் போய் நின்றார். "செஞ்சிடலாம் மச்சான்," என்றார். ஜமுனாவின் சேலையை வைத்து, செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து பால்ராஜ் வேலைக்கு இறங்கினார். கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, முழங்காலிட்டுச் சேற்றைத் துழாவினார். ஒரு சின்ன அலை வந்து முகத்தில் மோதி, வாய் நிறைய உப்புத் தண்ணீர் புகுந்தது.

அவர் துப்பவில்லை.