வாமனனுக்கு விரதம் இல்லை

தோஹாவில் நஜ்மா பக்கம், ஒரு சாயாக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் கிளி, மீன், முயல் விற்கிற கடை ஒன்று இருந்தது. நடத்தியவர் மேலப்பாளையம் கௌஸ் முகைதீன். கூடமாட எல்லா வேலையும் பார்த்தவர் சங்கரன்கோவில் பக்கத்துக் கோபாலசாமி. வந்த புதிதில் சைட்டில் சிமெண்ட் மூட்டை தூக்கினார். முதுகு மக்கர் பண்ணவே இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தார். குளித்து, திருமண் இட்டு, பெருமாளைக் கும்பிடாமல் ஒரு கூண்டைத் திறக்க மாட்டார்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், ஆவணி மாதம், கடைக்குத் தாடி ஓணான் குஞ்சுகள் வந்தன. கோபம் வந்தால் கழுத்துக்குக் கீழே கறுத்து உப்பும், அதனால் அந்தப் பேர். விரல் நீளம்தான் ஒவ்வொன்றும். எல்லாம் மளமளவென்று விற்றுப் போக, ஒன்று மட்டும் மிஞ்சியது. கூடப் பிறந்தவை வால் நுனியைக் கடித்து வைத்திருந்தன. ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது.

"இது தேறாது வே சாமி. கலாஸ்" என்றார் கௌஸ் முகைதீன்.

"தேறும் முதலாளி. இனிமே இது என் பொறுப்பு. என் வீட்டுப் பிள்ளைன்னு வச்சுக்கிடுங்க."

"அதான் பாத்தேன், தாடையெல்லாம் உம்ம ஜாடையால்லா இருக்கு!"

கோபாலசாமி அதற்கு வாமனன் என்று பேர் வைத்தார். தனித் தொட்டி, வெயிலுக்குப் பதிலாகச் சூடு தரும் விளக்கு, ஏறி உட்கார ஒரு கல். ஏசிக் குளிரில் கிடந்தால் தின்றது செரிக்காது என்று அவருக்குத் தெரியும். சுவர்க்கோழிப் பூச்சிகளில் பொடிசாகப் பார்த்து, அதன் இரண்டு கண்ணுக்கும் உள்ள இடைவெளியைவிடப் பெரிதாகாமல் பொறுக்கி, சுண்ணாம்புச் சத்து மாவில் புரட்டிப் போடுவார். ஒவ்வொரு பூச்சி விழும்போதும் "கோவிந்தா" என்பார்.

"என்னவே, பூச்சிக்கெல்லாம் வைகுண்டத்துக்கு விசா அடிச்சுக் குடுக்கீரா?"

"நீங்க கோழி அறுக்கையில பிஸ்மி சொல்லுதீங்கள்லா? அதே மாதிரிதான்."

வாமனன் ஓடிப் பிடித்துத் தின்ன ஆரம்பித்தது. கண்ணில் ஒளி வந்தது.

அப்புறம் புரட்டாசி பிறந்தது. கோபாலசாமி புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொட மாட்டார். வாமனன்தான் வீட்டுப் பிள்ளையாயிற்றே! வீட்டுக்கு ஒரு சட்டம், பிள்ளைக்கு ஒரு சட்டமா? பூச்சியை நிறுத்திவிட்டார். ஜர்ஜீர் கீரையைப் பொடிப்பொடியாக நறுக்கி வைத்தார்.

"குஞ்சுக்குப் பூச்சிதானே வே சாப்பாடு? நான் வேணா போடுதேன்."

"வேண்டாம் முதலாளி. நாலு நாள்ல கீரைக்குப் பழகிரும். பெருமாள் பாத்துக்கிடுவாரு" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

பழகவில்லை. வாமனன் கீரையை மிதித்துக்கொண்டு போனது. ரமலான் நோன்பும் வந்தது. அதற்குள் வாமனனுக்கு வயிறு ஒட்டி, கண் குழிந்து, தாடி கறுத்தபடியே இருந்தது. விளக்கடிக்குக்கூட நகரவில்லை. கோபாலசாமி கீரையை இன்னும் சிறிதாக நறுக்கினார். பெருமாளை இன்னும் உருகிக் கும்பிட்டார்.

ஒரு சனிக்கிழமை பகலில் தண்ணீர்க் கேனை எடுக்கக் கடையின் பின்பக்கத் திரையை விலக்கினால், கௌஸ் முகைதீன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன முதலாளி! நோன்பு?"

"காய்ச்சல் கொதிக்கி வே. சீக்காளிக்கு இன்னைக்குக் கட்டாயம் இல்ல. விட்டத உடம்பு தேறுனபொறவு பிடிச்சுக்கிடணும். பச்சப்பிள்ளைக்கு நோன்பே கிடையாது. அல்லாஹ் அம்புட்டுக் கொடுமைக்காரன் இல்லவே."

கோபாலசாமி தண்ணீர்க் கேனை மறந்தார். தொட்டிப் பக்கம் திரும்பினார். சீக்காளியும் பச்சப்பிள்ளையும் ஒரே உடம்பாக அங்கே கிடந்தது.

"பெருமாளே, விரதம் நான் நேர்ந்தது. இதுக்கு என்னத்துக்கு?" என்று வாய்விட்டுச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆனால் அவசரப்படவில்லை. முதலில் வாமனனைத் தூக்கிக் கல்மேல் வைத்து விளக்கைப் போட்டார். உடம்பு சூடேறட்டும் என்று காத்திருந்தார். மூக்கு நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தார், அது நக்கியது. பிறகு இருப்பதில் சின்னப் பூச்சியை எடுத்து மாவில் புரட்டி, இடுக்கியில் பிடித்து வாயருகே நீட்டினார். அசையவில்லை. பூச்சியின் கால் துடித்தது. வாமனன் தலையைச் சாய்த்துப் பார்த்தது. அப்புறம் நாக்கு வெளியே வந்து, பூச்சி உள்ளே போனது.

"கோவிந்தா!" என்று அவர் போட்ட சத்தத்தில் கிளிகள் எல்லாம் கத்தின.

"மெதுவாவே, எனக்குக் காய்ச்சலு!" என்றார் கௌஸ் முகைதீன் திரைக்குள்ளிருந்து. "தின்னுட்டாக்கும்?"

"இன்னொண்ணு கேக்கான் முதலாளி."

அன்று வாமனன் பலமுறை தின்றது. கோபாலசாமி மட்டும் சனிக்கிழமை விரதமாய்ப் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீரோடு இருந்து, மக்ரிப் பாங்கு கேட்டபோது தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

அடுத்த புரட்டாசியில் வாமனன் முழங்கை நீளம். நுனியில்லாத வாலோடு முன்வாசல் கண்ணாடித் தொட்டியில் தாடியை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு கத்தாரி விலை கேட்டார்.

"மாஃபி", விற்பதற்கு இல்லை என்று கையை விரித்தார் கௌஸ் முகைதீன். "சாமி, உம்ம மவனுக்குச் சோறு வச்சாச்சா?"

"வச்சுட்டேன் முதலாளி. கீரையும் உண்டு, பூச்சியும் உண்டு. விரதம் எனக்கு மட்டுந்தான்."