கண்ணாடியில் மறந்துபோன தாள்

ஜெராக்ஸ் எடுக்க வருகிற ஜனம் நகலைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு, ஒரிஜினலை மிஷின் கண்ணாடியிலேயே விட்டுவிட்டுப் போகும். இதே தொழிலில் கிடந்து சாகிற சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா!

தக்கலைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜுக்கு எதிரே எனக்குக் கடை. பரீட்சை வந்தால் மைக்ரோ கேட்டு வருவார்கள். நாலு பக்க நோட்ஸை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிக் கொடுத்தால், சட்டைக் கையில் மடித்து வைத்துப் பார்த்து எழுதலாம். நான் சபைக்குப் போகிறவன், மனசு கேட்கவில்லை. ‘மைக்ரோ எடுத்துத் தரப்படாது’ என்று போர்டு வைத்தேன்.

வசன அட்டை

சபைப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் பிள்ளை ஒருத்தி வந்தாள். சண்டே ஸ்கூலுக்கு பைபிள் வசன அட்டை, சின்னதாக வேண்டும் என்றாள். தாளைத் திருப்பினால் மோட்டார் படம்! “வேதத்துல இது எங்க இருக்கு பிள்ளே?” என்று கேட்டேன். கொஞ்சமாவது கூசவேண்டுமே?

“ஆண்டவர் மன்னிச்சிருவாரு அண்ணே. ஹெச்.ஓ.டி. மன்னிக்கமாட்டாரு.”

தகப்பன்

இன்னொரு நாள், மகனுக்கு மைக்ரோ எடுக்கத் தகப்பனே நெய்யூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். முடியாது என்றேன். நோட்டைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகும்போது திரும்பிப் பார்த்தார்.

“உமக்கும் ஒரு பிள்ளை இருக்குல்லா? அதுக்கு ஒண்ணு வரும்போ பாப்போம் ஓய்.”

கேள்வித்தாள்

வந்தது. எங்கள் சபையில் வருஷாவருஷம் வேதப் பரீட்சை உண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் முதலாவது வருகிறவருக்குச் சபைப் பள்ளியில் பிளஸ் ஒன் இலவசம். என் மகள் ஷைனி அதை நம்பித்தான் ராப்பகலாகப் படித்தாள். எங்களுக்கும் வேறு வழி இல்லை. அந்த வருஷப் பாடம், உண்மை பேசுதல்.

பரீட்சைக்கு முந்தின நாள் சபைச் செயலாளர் கேள்வித்தாள் நகலெடுக்க வந்தார். வழக்கம்போல ஒரிஜினலைக் கண்ணாடியிலேயே மறந்துவிட்டுப் போனார். சாயங்காலம் ஆதார் கார்டு நகலெடுக்க மூடியைத் திறந்த ஷைனி அதைப் பார்த்துவிட்டாள். “அப்பா, நான் போய்ச் சொல்லணும். வேற கேள்வி போடட்டும்” என்றாள். போர்டு வைத்த உத்தமன் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சும்மா கெட மக்கா, யாருக்குத் தெரியப் போவுது?” வெட்கக்கேடு. அவள் போர்டை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள்.

“அப்போ நீங்க மைக்ரோவே எடுத்துக் குடுத்திருக்கலாம்.”

நேர்மை

அவளே தாளை எடுத்துக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். கேள்வியை மாற்றவில்லை. அவளைப் பரீட்சைக்கு விடவில்லை, அவ்வளவுதான். நான் ஓடிப்போய்க் கெஞ்சினேன். என் கடைக்கு வருவதற்கு முன் அந்தத் தாள் ஒரு வாரமாக அவர் வீட்டு மேஜையில்தான் கிடந்தது. அதே வீட்டில் அதே பரீட்சை எழுதும் பேத்தியும் இருந்தாள். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடை சபைக் கட்டிடத்தில் அல்லவா இருக்கிறது!

“கேள்வியப் பாத்த பிள்ளைய எப்படி எழுத விட முடியும் தம்பி? அதுக்குப் பேருதான நேர்மை.”

சர்டிபிகேட்

பேத்திதான் முதலாவது. சர்டிபிகேட்டை நகலெடுக்கச் செயலாளர் என் கடைக்கே வந்தார். சிரித்துக்கொண்டே நகலை வாங்கினார், போனார். மூடியைத் திறந்தால் ஒரிஜினல் கண்ணாடியிலேயே கிடக்கிறது! கிழித்து ஓடையில் போடத்தான் நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஷைனி அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ரோட்டில் ஓடினாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

“குடுத்துட்டேன். நல்ல பிள்ளைன்னு சொன்னாரு.”

அந்தப் போர்டை எழுதி மாட்டியவன் நான், அதை வாசித்தவள் அவள் ஒருத்திதான்.