தறிக் காய்ப்பு

ரேஷனில் அரிசி இல்லாமல் கோதுமை போட்டார்களே, அந்த வருஷம். அதை என்ன செய்வதென்று தெரியாமல் எங்கள் தெருவில் பாதிப்பேர் கஞ்சி காய்ச்சிக் குடித்தோம். அக்காவின் கஞ்சிக்கு மட்டும் அம்மா நெய் ஊற்றுவாள், பிள்ளை இளைத்துப்போகிறாளே என்று. எனக்கு அதில் வயிற்றெரிச்சல்.

அக்காவுக்குப் பத்து வயது, எனக்கு ஏழு. அப்பா பட்டு நெய்வார். கரைக்கு வேறு நிறம் போட்ட சேலையென்றால் தறியில் இரண்டு பேர் உட்காரவேண்டும். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூலை ஓட்டும் நாடாவைத் தள்ளுவது அக்கா. அவளுடைய முழங்கைகளிலும் விரல் கணுக்களிலும் மஞ்சளாகக் கட்டி கட்டியாக இருக்கும். தறிக்கட்டையில் கையை ஊன்றி ஊன்றி வந்த காய்ப்பு என்பார் அப்பா. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அவள் கையைத் திருப்பிக் காட்டுவார்.

"எனக்கு இருபது வருஷத்துல வந்தது, இவளுக்கு ரெண்டே வருஷத்துல வந்துடுச்சி பாருங்க."

அப்பா இல்லாத நேரத்தில் நானும் தறிக்கட்டையில் முழங்கையைத் தேய்த்துப் பார்த்தேன். தோல்தான் உரிந்தது.

"உனுக்கெல்லாம் வராதுடா, சோம்பேறி," என்று அக்கா சிரித்தாள்.

பிறகு, கோயில் மதிலைச் சுற்றி வருவதற்குள் அவள் இரண்டு தடவை உட்கார ஆரம்பித்தாள்.

"மார்மேல யாரோ ஏறி உக்காந்துக்கினு இருக்குற மாதிரி இருக்குதுடா. அப்பா கிட்ட சொல்லாத. முகூர்த்தச் சேலை, தேதிக்குக் குடுக்கணும்."

சொல்லாமல் இருக்க அவளுடைய நெய்க்கஞ்சியில் பாதி கேட்டேன். கொடுத்தாள்.

சேலையில் இன்னும் ஒரு முழம் இருக்கும்போது தறியிலேயே சாய்ந்துவிட்டாள். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் அவள் முழங்கையை அழுத்திப் பார்த்தார்.

"சொந்தத்துல கட்டினியாப்பா?"

"எங்கக்கா பொண்ணுதாங்க. நாங்க வெளியில கட்டமாட்டோம்," என்று அப்பா நிமிர்ந்து நின்று சொன்னார்.

"இது காய்ப்பு இல்லப்பா. ரத்தத்துல கொழுப்பு. உங்க ரெண்டு பேர் கிட்டேர்ந்தும் புள்ளைக்கு வந்திருக்குது. நெஞ்சுக்குப் போற குழாயெல்லாம் அடைச்சிருக்குது."

அப்பா தன் முழங்கையை நீட்டிக் காட்டினார். டாக்டர் அதைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அக்கா போய்விட்டாள்.

மிச்சமிருந்த ஒரு முழத்துக்கு அவள் இடத்தில் உட்கார்ந்து நான்தான் நாடா தள்ளினேன். காய்ப்பு வருகிறதா என்று தினமும் கையைப் பார்ப்பேன். சாப்பிடக் கூப்பிடும்போது அம்மாவும் என் முழங்கையைத் தடவிப் பார்ப்பாள். ஒன்றுமில்லை என்றதும் கண்ணை மூடிக்கொள்வாள். என்னைப்போலவே அவளுக்கும் ஏமாற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி, நீ வீடு வீடாகப் போய் உடம்பு பார்க்கிறவன், எந்த வீட்டிலாவது சின்னப் பிள்ளை முழங்கையில் மஞ்சளாகக் கட்டி இருப்பதைப் பார்த்தால் ரத்தம் பார்க்கச் சொல்லு. காய்ப்புதான் என்று அவர்கள் சொன்னால், உட்காரவைத்து என் அக்கா கதையைச் சொல்லு.