எட்டாவது கணு

அந்துருண்டை வாசனை வந்தால் உங்களுக்குப் பழைய பட்டுச்சேலையோ, ஓட்டலில் கைகழுவும் தொட்டியோ நினைவுக்கு வரும். எனக்கு ஒரு குளவி நினைவுக்கு வருகிறது. போன வாரம் மருமகள் பீரோத் துணிகளை எடுத்து வெயிலில் போட்டாள். நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு மோந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். "மாமா, தலை வலிக்கப் போகுது, உள்ள வாங்க" என்றாள். வலித்தால் வலிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

என் முதல் வேலை அந்த வாசனைக்குள்தான். இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி, கோரிப்பாளையத்தில் ஒரு வாடகை வீட்டு மாடியில் விவசாய இலாகாவின் பூச்சி ஆபீஸ் இருந்தது. சுவரெல்லாம் கண்ணாடிப் பெட்டிகள், பெட்டிக்குள் ஊசி குத்திய பூச்சிகள், அவற்றை எறும்பு அரிக்காமலிருக்க மூலைக்கு மூலை அந்துருண்டை. முதல் மாசம் சோற்றிலும் அதே வாசனைதான். ஆபீசில் மூன்றே பேர்: ஆபீசர், வயல் வயலாகப் போய்ப் புழு பொறுக்கி வரும் சின்னக்காளை அண்ணன், படம் வரையும் நான்.

படம் வரைய எனக்குப் படிப்பு ஒன்றும் கிடையாது. நாங்கள் சௌராஷ்டிரக்காரர்கள். சேலைக் கரைக்குக் கட்டம் போட்ட தாளில் கொடியும் பூவும் போடுவது எங்கள் வீட்டுத் தொழில். என் கை நடுங்காது என்று யாரோ சொல்லி ஆபீசர் எடுத்துக்கொண்டார். கொடி என்று ஒன்று போட்டால் நுனியில் மொக்கு வைத்து முடிக்க வேண்டும். மொட்டையாக விட்டால் அப்பா தாளையே கிழித்துவிடுவார். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்காதீர்கள், இதில்தான் எல்லாம் கெட்டது.

சின்னக்காளை அண்ணனுக்குச் சொந்த ஊர் எழுமலை. வேற்றுப் பாஷை வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் பார்க்கமாட்டார், முதல் நாளே என்னை மாப்ள ஆக்கிக்கொண்டார். ஊர்ப்பக்கப் பருத்திக் காட்டிலிருந்து காய்ப்புழுக்களைத் தகர டப்பாவில் கொண்டுவருவார். அவற்றை அரிக்கேன் சிம்னிக்குள் விட்டு, மேலே மல் துணி கட்டி வைப்போம். ஒருநாள் ஒரு புழு செத்துக் கிடந்தது. அதன் உடம்பைத் துளைத்துக்கொண்டு குளவிகள் வந்திருந்தன, ஒவ்வொன்றும் கடுகில் பாதி. தாய்க்குளவி புழுவுக்குள் முட்டை வைத்துவிடும், குஞ்சுகள் உள்ளிருந்தே புழுவைத் தின்று வளரும். பருத்தி போட்டவனுக்கு அது பெரிய உபகாரம்.

துணியை அவிழ்க்கும் அவசரத்தில் மற்றதெல்லாம் பறந்துவிட, ஒன்றுதான் கையில் சிக்கியது. ஆபீசர் மூன்று நாள் புத்தகங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இது எதுலயும் இல்லய்யா. புதுசு. எழுமலைன்னே பேர் வச்சு, லண்டன்ல பூச்சிப் புஸ்தகம் போடுறவங்களுக்கு எழுதிருவோம்."

"இம்புட்டூண்டு பூச்சிக்கு எங்க ஊரு பேரா சார்!" என்று அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பஸ் கண்டக்டர்கூட, "லண்டன் புஸ்தகம் வந்துருச்சாண்ணே?" என்று கேட்பாராம்.

குளவியை நான் வரைந்தேன். தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் உணர்கொம்பை நாங்கள் மீசை என்போம். அதில் எத்தனை கணு என்பதை வைத்துத்தான் இனம் பிரிப்பார்கள். ஏழு கணு தெரிந்தது. ஏழாவது வெட்டிவிட்டாற்போல் மொட்டையாக நின்றது. உடைந்திருக்கும் என்று நானே முடிவுகட்டி, மொக்கு மாதிரி எட்டாவதாக ஒன்றை வைத்து முடித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது! அது ஐப்பசி. மைக்ராஸ்கோப்புக்கு வெயில் வேண்டும், வானமோ மூடிக் கிடந்தது. ஆபீசர் என் படத்தை நம்பி 'எட்டுக் கணு' என்று எழுதி, குளவியையும் சேர்த்துக் கப்பல் தபாலில் அனுப்பிவிட்டார்.

பத்து நாள் கழித்து இன்னொரு புழுவிலிருந்து ஒன்பது குளவிகள் வந்தன. வெயிலும் வந்தது. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஏழே கணு, எல்லாம் மொட்டை. உடைந்தது அல்ல, அதன் வடிவமே அதுதான்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை நிரந்தரமாகும் உத்தரவு அந்தச் சமயம்தான் வரவேண்டியிருந்தது. அது வரட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இரண்டு மாசம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒன்பது குளவிகளையும் என் மேஜை டிராயரில் பூட்டி வைத்திருந்தேன். அண்ணன் தினமும் "தபால் வந்துச்சா மாப்ள?" என்பார். நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

உத்தரவு வந்த மறுநாள் ஆபீசரிடம் ஒன்பதையும் கொண்டுபோய் வைத்தேன். பார்த்தார். "இது சேலைக் கரையில்லய்யா!" என்று கத்தியது கீழே கடைவரை கேட்டிருக்கும். அச்சுப் போடவேண்டாம் என்று லண்டனுக்குத் தந்தி அடித்தார். கட்டுரையைத் திருத்தினார், நான் படத்தை ஏழு கணுவோடு திரும்பப் போட்டேன், மறுபடி கப்பல். அது போய்ச் சேருமுன் வேறொரு தேசத்தில் வேறொருவர் அதே குளவியைக் கண்டு, வேறு பெயர் வைத்து அச்சிலும் ஏற்றிவிட்டார். முதலில் அச்சான பெயர்தான் நிற்கும் என்பது அந்தச் சாஸ்திரத்தின் சட்டம். நான் விழுங்கிய இரண்டு மாசம் இருந்திருந்தால் நாங்கள்தான் முந்தி.

ஆபீசர் என்மேல் புகாராக மேலிடத்துக்கு ஒரு வரி எழுதவில்லை. பேசவும் இல்லை, சித்திரை வருஷப்பிறப்புவரை.

அண்ணனிடம் நானே சொன்னேன். மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். "சரி, வாரேன்" என்று எழுந்து போனவர் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. வந்ததும் டப்பாவை மேஜைமேல் வைத்தார்.

"ஊர்ல புஸ்தகம் வந்துருச்சுன்னு சொல்லிட்டேன் மாப்ள."

"ஏண்ணே?"

"வரலன்னா ஏன்னு கேப்பாய்ங்க. ஏன்னு கேட்டா உன் பேரையில்ல சொல்லணும்?"

பல வருஷம் கழித்து அவர் சாவுக்கு எழுமலை போனேன். பந்தலில் ஒரு பெரியவர் என்னை யாரென்று விசாரித்துவிட்டு, "அப்ப ஒங்களுக்குத் தெரியுமே, எங்க ஊரு பேருல லண்டன்ல ஒரு குளவி இருக்காம்ல?" என்றார். "ஆமாம், இருக்கிறது" என்றேன்.

அப்புறம் மருந்தடிக்கும் காலம் வந்தது. புழுவோடு குளவியும் போயிற்று என்றார்கள். பூச்சி ஆபீசை எங்கோ மாற்றிவிட்டார்கள், அந்த வீட்டை இடித்து வரிசையாகக் கடை கட்டியிருக்கிறார்கள். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக எழுமலை போனபோது, சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்திலிருந்தவர்களிடம் அந்தக் குளவியைப் பற்றி மெல்லக் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அண்ணன் எனக்காகச் சொன்ன பொய்யை நம்ப இப்போது ஊரில் ஒருத்தரும் இல்லை.