கதவில்லாத வீடும் கொப்பி சீடியும்

கணனி திருத்துபவனின் வேலையில் பாதி, தான் செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பது. “இது லினக்ஸில் ஓடாது” என்று எத்தனை முகங்களைப் பார்த்து நீங்களும் சொல்லியிருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

சுனாமியாய்க் கடல் வந்துபோன அடுத்த வருடம், மட்டக்களப்புக் கல்லடியில் ஓர் உதவி நிலையத்தில் எனக்கு வேலை. வெளிநாட்டு நிறுவனமொன்று ஆறு கணனிகள் தந்திருந்தது, ஆறிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். களவாகப் பிரதியெடுத்து விற்கும் கொப்பி சீடி எதுவும் போடமாட்டேன் என்று என்னிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். சந்தோசமாகத்தான் வைத்தேன்.

ஆடிக்கு முதல்

பிளான் கீறும் சிவம் அண்ணனின் கணனி கடலோடு போய்விட்டது. இரண்டு பெண்பிள்ளைகளோடு கூடாரத்தில் இருந்த ராசம்மா அக்காவுக்கு வீட்டுப் பிளான் கீற, அவரையும் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். வீடு கட்டித் தரும் அலுவலகம் ஒரேயொரு கம்பனியின் வரைபட மென்பொருளில் வரும் கோப்பைத்தான் ஏற்கும். அதற்கு விண்டோஸ் வேண்டும். எங்கள் கணனியில் விண்டோஸ் போட வெளிநாட்டிலிருந்து அனுமதி வேண்டும். அது வர ஆவணியாகிவிடும்.

ஆடி பிறக்க மூன்று கிழமைதான் இருந்தது. ஆடியில் எங்கள் பக்கம் வீட்டுக்குக் கல் வைக்கமாட்டார்கள். ஆவணியில் வைத்தால் மாரி மழைக்கு முன் கூரை ஏறாது. நான் விளக்கியதையெல்லாம் ராசம்மா அக்கா பொறுமையாகக் கேட்டார். “ஆறு பொட்டி இரிக்கு, ஒண்டிலயும் என்ட வீட்டக் கீற ஏலாதாக்கும். மறுகா என்னத்துக்கு மனே துடைச்சித் துடைச்சி வெச்சிரிக்காய்?”

கொழும்பு சொன்ன நியாயம்

அந்தக் கம்பனியின் கொழும்பு முகவருக்குத் தொலைபேசி எடுத்தேன். லினக்ஸுக்கு ஏன் செய்வதில்லை? பாவிப்பவர்கள் குறைவாம். ஏன் குறைவு? வேண்டிய மென்பொருள் அதில் இல்லையாம். செக்கு மாடு மாதிரி இதையே இரண்டு தரம் சுற்றிவந்தோம். இலவச இயங்குதளக்காரர் காசு கொடுத்து எதையும் வாங்கமாட்டார்கள் என்பது அடுத்த நியாயம். நாங்கள் வாங்குவோம், மென்பொருளுக்கென்று பணம் ஒதுக்கியிருக்கிறது என்றேன். மறுமுனையில் பேசிய பெண் குரலைத் தணித்துக்கொண்டார். “உங்க ஒரு எடத்துக்காகக் கம்பனி செய்யாது தம்பி. கொப்பி ஒண்டப் போட்டுக்கோங்களேன், யார் வந்து பாக்கப் போறாங்க?”

கூரை வழியாக

லினக்ஸில் இலவசமாகக் கிடைத்த வரைபட மென்பொருளில் சிவம் அண்ணன் நாலு நாள் குந்தியிருந்து கீறினார். கம்பனியின் கோப்பு வகைக்கு மாற்றிக் கொடுத்தோம். எங்கள் திரையில் எல்லாம் சரி. அலுவலகத்தின் திரையில் சுவர்கள் மட்டும் நின்றன. கதவு, யன்னல் ஒன்றையும் காணவில்லை. தன் கோப்பின் அமைப்பு என்னவென்று அந்தக் கம்பனி ஒருவருக்கும் சொல்லாது. மற்ற மென்பொருள் செய்பவர்கள் குருடன் கைபோட்டுப் பார்ப்பதுபோலத் தடவித்தான் எழுதவேண்டும்.

சிவம் அண்ணன் கையால் கீறிய தாளையும் நீட்டினார். அலுவலகத்து அதிகாரி அதைத் தொடவேயில்லை. சத்தம்போட்டுப் பேச எனக்கு வராது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “இந்த வீட்டுக்குள்ள அந்த மனிசி எப்பிடிப் போறது தம்பி, கூரையப் பிரிச்சா?”

ஒரு பின்னேர வேலை

ஆடிக்கு ஐந்து நாள் இருக்க, சிவம் அண்ணன் பட்டணத்துக் கடையொன்றில் கொப்பி சீடி போட்ட கணனியில் குந்தினார். ஒரு பின்னேரத்தில் முடிந்தது. அடுத்த நாள் அலுவலகம் கையெழுத்துப் போட்டுவிட்டது. மென்பொருள் எங்கே வாங்கினது என்று ஒரு சொல் கேட்கவில்லை. ஆடிக்கு முதல் நாள் கல் வைத்தார்கள். அங்கேயே சிவம் அண்ணனிடம், இந்த அநியாயத்தை எழுதி அலுவலகத்துக்குக் கொடுக்கப்போகிறேன் என்றேன். பக்கத்தில் நின்ற ராசம்மா அக்காவுக்குக் கேட்டுவிட்டது. “கூரை ஏறுமட்டும் வாயப் பொத்திக்கிட்டு இரி மனே.”

ஒருவரும் கேட்கவில்லை

மழைக்கு முன் கூரை ஏறியது. நாட்டில் சண்டையும் முடிந்து பாதைகள் திறந்த பிறகு, அதே மென்பொருளை விற்க ஒருவர் மட்டக்களப்புக்கு வந்து கூட்டம் வைத்தார். தங்கள் மென்பொருளால் கிழக்கில் எழுந்த வீடுகள் என்று அந்த அலுவலகத்துக்குப் போன பிளான்களைத் திரையில் காட்டிக்கொண்டே போனார். அதிலொன்று ராசம்மா அக்காவுடையது. எழுந்து நின்று, லினக்ஸுக்கு எப்போது தருவீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். “இந்தப் பக்கம் எல்லாரும் விண்டோஸ்தானே தம்பி, லினக்ஸுக்கு வேணும்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லையே.”

களவெடுத்தவனை வாடிக்கையாளன் என்று எண்ணி, காசோடு வாசலில் நின்றவனை எண்ணாமல் விட்டால், அவர்கள் சொல்வது எந்தக் காலத்திலும் சரியாகத்தான் இருக்கும்.