தூக்கி நிறுத்தினால்தான் வண்டி

சரோஜினிக்கு உயரம் ஐந்தடி. ஐந்தடி ஓரங்குலம் என்று அவள் சண்டைக்கு வருவாள், வரட்டும், ஐந்தடிதான். வயது இருபத்து மூன்று. கூடுவாஞ்சேரியில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். கிழக்குத் தாம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் நசுங்கிப் போய் இறங்குவாள். ஆனால் விசிலை வாயில் வைத்துவிட்டாளென்றால், அவளைவிட ஒரு சாண் உயரமான பத்தாம் வகுப்புப் பெண்கள் எல்லாம் மூச்சுக் காட்டாமல் வரிசையில் நிற்பார்கள். கடுகு சிறுத்தால் காரம் குறைந்துவிடுமா என்ன?

அவளுக்கு ஒரே ஓர் ஆசை, மோட்டார் சைக்கிள். அதிலும் ஆபீஸ் போகிற மாமாக்கள் டிபன் பாக்ஸ் மாட்டிக்கொண்டு ஓட்டுகிற சாது வண்டி இல்லை. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் சீறிக்கொண்டு பாய்கிற ஸ்போர்ட்ஸ் வண்டி. "எதுக்குடி உனக்கு?" என்று அம்மா ரத்தினபாய் நூறு தடவை கேட்டாயிற்று. பஸ் கூட்டம், ஸ்கூலுக்கு லேட் என்று ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். இவள் சொன்ன பதில், "புடிச்சிருக்கும்மா, அவ்ளோதான்." 1990-ல், கல்யாணத்துக்கு வரன் பார்க்கிற வீட்டில், இப்படி ஒரு பதில்! மெக்கானிக் கிட்டுவின் ஷெட்டில் ஓட்டப் பழகி, லைசென்ஸும் எடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வண்டி மட்டும்தான் இல்லை.

தாம்பரத்தில் அப்போது ஒரு வழக்கம் உண்டு. ஏப்ரல், மே வந்தால் ஏர்ஃபோர்ஸ்காரர்களுக்கு மாற்றல் உத்தரவு வரும். கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், வண்டி எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ரயிலேறுவார்கள். ஊர்க்காரர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். அந்த வருஷம் கேம்ப் ரோட்டில் குடியிருந்த சார்ஜண்ட் பட்டாபிராமனுக்கு அஸ்ஸாமுக்கு மாற்றல். அவரிடம் இருந்தது முன்னூற்றைம்பது சி.சி., இரட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிள். அது கேம்ப் ரோட்டில் திரும்பினால் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். தாம்பரத்து வாலிபர்கள் பாதிப் பேர் அதைக் கனவில் ஓட்டியவர்கள்.

ஆனால் சார்ஜண்ட் ஒரு மாதிரியான ஆள். பணத்தை மட்டும் காட்டினால் வண்டி கிடைக்காது. "வண்டிய தரையில சாய்ச்சு வைப்பேன். தனியாத் தூக்கி நிறுத்துறவனுக்குத்தான் குடுப்பேன். தூக்காதவன் அதுமேல உக்காரக்கூடக் கூடாது" என்று சொல்லிவிட்டார். நூற்றைம்பது கிலோ வண்டி. அன்றிலிருந்து ஊரில் இதே பேச்சு.

சரோஜினியின் அப்பா லாசரஸ் தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டர் குமாஸ்தா. சொன்ன சொல்லிலிருந்து இம்மி பிசகாதவர். மகளின் நச்சரிப்பு தாங்காமல் ஒருநாள் அவரும் ஒரு நிபந்தனை போட்டார். "அந்த சார்ஜண்ட் வண்டிய நீ தூக்கிட்டியா, அதையே வாங்கிக்கோ, நான் குறுக்க வரமாட்டேன். தூக்கலயா, ஒரு மொபெட் வாங்கித் தர்றேன். அதுக்கப்புறம் மோட்டார் சைக்கிள்ங்கிற பேச்சே இந்த வீட்டுல வரக்கூடாது." இவளால் முடியாது என்ற தைரியம்தான் அவருக்கு, வேறென்ன?

அப்பா வாக்குக் கொடுத்த அன்றே சரோஜினி கிட்டுவின் ஷெட்டுக்குப் போய்விட்டாள். அங்கே என்ஜின் செத்துப்போன கனமான பழைய வண்டி ஒன்று மூலையில் கிடந்தது. அதைக் கீழே சாய்ப்பாள், தூக்குவாள், சாய்ப்பாள், தூக்குவாள். "அக்கா, கை பூடும்க்கா. இன்னாத்துக்கு இந்த பேஜாரு? கம்முனு அப்பா வாங்கித் தர்றத வாங்கிக்கினு போயேன்" என்று கிட்டு புலம்பினான். அவள் காதில் வாங்கவில்லை. கையால் இழுத்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது. வண்டிக்கு முதுகைக் காட்டி, குந்தி உட்கார்ந்து, தொடையால் உந்தினால் எழும்புகிறது. பள்ளியில் பளு தூக்கும் பெண்களுக்கு அவள் தினமும் கத்திக் கத்திச் சொல்கிற பாடம்தானே அது! பத்து நாளில் அந்தச் செத்த வண்டி அவள் சொன்ன பேச்சைக் கேட்டது.

சனிக்கிழமை காலை. சார்ஜண்ட் வீட்டு வாசலில் திருவிழாக் கூட்டம். கூடுவாஞ்சேரியில் நிலத்தை மனை போட்டு விற்ற குடும்பத்துப் பிள்ளை சம்பந்தம், கையில் தங்கக் காப்போடு முதல் ஆளாக நின்றான். சரோஜினியைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். "இன்னா டீச்சர், வண்டி தூக்க வந்துகிறீங்களா, இல்ல வண்டிக்கு எக்ஸர்சைஸ் சொல்லிக் குடுக்க வந்துகிறீங்களா?"

"முதல்ல நீங்க தூக்குங்க தம்பி, பாத்துட்டு மார்க் போடறேன்" என்றாள் அவள்.

சம்பந்தம் கைப்பிடி இரண்டையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். பாதி வரை வந்த வண்டி அவனைக் கேலி செய்வதுபோல் மறுபடி படுத்துக்கொண்டது. செருப்பு வழுக்குகிறது என்றான், மண் சரியில்லை என்றான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்தானே! அடுத்து வந்த இரண்டு பேரும் அதே கதைதான்.

சரோஜினி வந்தாள். முதலில் சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட்டாள், எழுந்த வண்டி அந்தப் பக்கம் விழக் கூடாதே. கியரில் போட்டாள், உருளக் கூடாதே. முதுகைத் திருப்பிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் சீட்டுக்குக் கீழே இருந்த கம்பியையும் பிடித்தாள். கூட்டத்தில் எவனோ விசில் அடித்தான். அவள் மூச்சை அடக்கி, காலை ஊன்றி, அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு நகர்ந்தாள். முகம் செக்கச் சிவந்துவிட்டது. வண்டி எழுந்தது, நின்றது, ஸ்டாண்டில் சாய்ந்து உட்கார்ந்தது.

அடேயப்பா, கேம்ப் ரோடே கை தட்டியது! சார்ஜண்ட் ஒரு சல்யூட் வைத்துச் சாவியை அவள் கையில் கொடுத்தார். "உக்காரும்மா. இனிமே இது உன் வண்டி."

அவள் ஏறி உட்கார்ந்தாள். பத்து நாளும் தூக்குவதைப் பற்றி யோசித்தாள், ஊரும் அதையே யோசித்தது. உட்காருவதைப் பற்றி ஒரு ஜீவனும் யோசிக்கவில்லை. ஸ்டாண்டை எடுத்து வண்டியை நிமிர்த்தியபோதுதான் தெரிந்தது. இடது கால் கட்டைவிரல் நுனி மண்ணைத் தொடுகிறது. வலது கால் காற்றில் தொங்குகிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது என்பார்கள், இவளுக்குக் கால். வண்டி மெல்ல வலப்பக்கம் சாயத் தொடங்கியது, சார்ஜண்ட் பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

"பழகிடும்மா" என்றார் அவர்.

பழகுமா? ஓடும்போது எவருக்கும் கால் வேண்டாம், நிற்கும்போதுதானே வேண்டும். பள்ளிக்குப் போகிற ஜி.எஸ்.டி. ரோட்டில் எத்தனை இடத்தில் நிற்க வேண்டும்! பெருங்களத்தூர் கேட், வண்டலூர் திருப்பம், முன்னால் திடீரென்று பிரேக் போடும் மணல் லாரி. ஒவ்வொரு இடத்திலும் இந்தக் கட்டைவிரல் நுனியை நம்பியா? வாங்கினால் ஊர் கொண்டாடும். வேண்டாமென்றால் பயந்தாங்கொள்ளி என்று சொல்லும்; வீட்டில் மொபெட் காத்திருக்கிறது, அதோடு ஆயுசுக்கும் பேச்சு முடிந்தது. டேங்கைத் தடவிப் பார்த்தாள்.  அவ்வளவு ஆசை அந்த வண்டிமேல்.

இறங்கிச் சாவியை நீட்டினாள். "வேண்டாம் சார். தூக்கிட்டேன், ஆனா இது என் அளவு வண்டி இல்ல."

"டீச்சர் பயந்துகினாங்கடா!" என்று சம்பந்தம் கத்தினான். கூட்டம் ஹோவென்று சிரித்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வீட்டில் லாசரஸ் பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்தார். "தூக்குனியா?"

"தூக்குனேன்."

"வண்டி எங்க?"

"திருப்பிக் குடுத்துட்டேம்ப்பா. கால் எட்டல."

 லாசரஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "நான் சொன்னது அந்த ஒரு வண்டிதான். சொன்னா சொன்னதுதான். சாயங்காலம் மொபெட் பாக்கப் போலாம்." அதுவரை அடக்கி வைத்திருந்த சரோஜினி, நாற்காலியில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதாள்.

உள்ளறையிலிருந்து ரத்தினபாய் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். காலையிலிருந்து முழங்காலில் நின்று ஜெபம். "தூக்கிட்டு ஏன்டி குடுத்த? உண்மையச் சொல்லு, பயமா?"

"பயமில்லம்மா. ஓட்டுவேன். நிறுத்த முடியாது. நிறுத்த முடியாததை எப்படி ஓட்டுறது?"

 ரத்தினபாய் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இவ அந்த வண்டியத் தூக்கவே கூடாதுன்னு விடிஞ்சதுலேர்ந்து ஆண்டவர்கிட்ட மன்றாடினேன். அவரே என் பேச்சைக் கேக்கல. அவர் விட்டுட்டாரு, நடுவுல நீங்க யாருங்க?"

"பேச்சுன்னா பேச்சு, ரத்தினம்."

"உங்க பேச்சைத் தூக்கிக் குப்பையில போடுங்க! வேகமாப் போயி எங்கயாவது விழுந்து கிடப்பாளேன்னுதான் எனக்குப் பயம். அத்தன பேரு முன்னால ஜெயிச்ச வண்டிய, அளவு சரியில்லன்னு குடுத்துட்டு வந்திருக்கா. இவளா விழுவா? எனக்குப் பயம் போயிடுச்சு. எழுந்திருடி, மூஞ்சியக் கழுவு. உனக்குக் கால் எட்டுற வண்டி எது?"

"ஆர்.எக்ஸ். ஹண்ட்ரட்" என்றாள் சரோஜினி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அது வேகமாப் போகுமா?"

"போகும்மா."

"போகட்டும்" என்றாள் ரத்தினபாய். லாசரஸ் மறுபடி பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

சாயங்காலம் தாயும் மகளும் குரோம்பேட்டை ஷோரூமில் நின்றார்கள். அங்கே விற்பனை பார்த்த இளைஞன் இரண்டு ஐந்தடி உருவங்களையும் பார்த்தான். கேள்வியே கேட்காமல் ஒரு மொபெட்டைத் துடைத்து முன்னால் உருட்டி வந்தான். "லேடீஸுக்கு இதுதான் மேடம். லேசா இருக்கும்."

சரோஜினி வாயைத் திறப்பதற்குள் ரத்தினபாய் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"தம்பி, காலைல கேம்ப் ரோட்டுல முன்னூத்தம்பது வண்டியத் தனியாத் தூக்கி நிறுத்துனது இவதான். எம் பொண்ணு. அந்தப் பொம்மைய ஓரமா வச்சுட்டு, அதோ அந்த மோட்டார் சைக்கிளை எடு."